நூற்றுக்கு 91

மே மாதம் பிறந்து பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளியாகிவிட்டால், நம் ஊர்களின் பேருந்து நிலையங்களிலும் பள்ளிவாசல் தெருமுனைகளிலும் கல்லூரிகளின் பதாகைகள் எழுந்து விடுகின்றன. கழுத்துப்பட்டி அணிந்த வாலிபர்களின் படங்கள், ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு நிறுவனத்தின் பெயர், நடுவே எல்லாவற்றையும் விடப் பெரிய எழுத்தில் ஒரு சதவிகிதம். 90 என்பார்கள், 95 என்பார்கள்; சில இடங்களில் கூசாமல் 100 என்றே எழுதியிருப்பார்கள். வணிக நிர்வாகவியல் துறைகளின் பதாகைகளில் இந்த எண் இன்னும் சற்றுப் பெரிதாகவே காணப்படும். காரணமும் உண்டு. அரபு படிக்க வரும் மாணவனுக்கோ தமிழ் படிக்க வரும் மாணவனுக்கோ உத்தியோகத்தைப் பற்றி யாரும் வாக்குக் கொடுப்பதில்லை, அவனும் கேட்பதில்லை. பி.பி.ஏ., எம்.பி.ஏ. பட்டங்களோ வேலைக்கென்றே படிக்கப்படுபவை. அவற்றை விற்கிற கடையில் தராசும் படிக்கல்லும் அந்தச் சதவிகிதம்தான்.

அந்த எண் எந்த வகையைச் சேர்ந்தது? அது விளம்பரமா, கணக்கா, அல்லது சாட்சியமா? இக்கேள்வி நம் உள்ளத்தில் தானாக உதித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை அதுவன்று. ஒரு தாய் நம்மைக் கேட்க வைத்தார்.

நாம் அரபு போதிக்கும் கல்லூரியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அடையாளம் தெரியாதிருக்க எண்களையும் சற்றே மாற்றியிருக்கிறோம். விகிதத்தில் கை வைக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மஹல்லா ஜமாஅத்தார் பள்ளிவாசல் முற்றத்தில் கல்வி வழிகாட்டிக் கூட்டம் ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். பேச்சாளர் வரத் தாமதமாகவே நம்மைப் பேசச் சொன்னார்கள். கல்லூரியில் கொடுத்தனுப்பிய துண்டுத்தாளைப் பார்த்து, பி.பி.ஏ. படித்தவர்களில் நூற்றுக்கு 91 பேருக்கு வேலை கிடைத்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ் என்று அறிவித்தோம். கூட்டத்தில் மகிழ்ச்சி ஆரவாரம். திரைக்கு அப்பால் பெண்கள் பகுதியிலும் அது கேட்டிருக்கிறது.

பின்னர் தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவான நாக் வருவதாக அறிவிப்பு வந்தது. 1994-இல் நிறுவப்பட்ட அந்த அமைப்பு, படித்து வெளியேறிய மாணவர்களில் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று ஆதாரத்தோடு கேட்கிறது. 2015-இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் தரவரிசைத் திட்டமும் அவ்வாறே கேட்கிறது. ஆள் போதாமையால் துறை வேறுபாடின்றி ஆசிரியர்களுக்குப் பட்டியல்கள் பங்கிடப்பட்டன. பி.பி.ஏ. மாணவர்களின் ஓராண்டுப் பட்டியல் நம் பங்குக்கு வந்தது. 60 பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே கைபேசி எண், நிறுவனம், ஆண்டுச் சம்பளம், நியமன உத்தரவின் தேதி என மூன்று வெற்றுக் கட்டங்கள். அஸர் தொழுகைக்குப் பின் நாள்தோறும் பத்துப் பேர் வீதம் அழைக்கத் தொடங்கினோம்.

துபாயில் இருந்த ஒரு மாணவர் ஸலாம் சொல்லி, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "ஹஜ்ரத், இங்கே சூப்பர் மார்க்கெட்டில் அட்டைப்பெட்டி அடுக்குகிறேன். அம்மாவிடம் ஆபீஸ் வேலை என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்." இன்னொருவர் தம் தந்தையின் இரும்புக்கடையில் இருக்கிறார். சரக்குக் கணக்கைக் கணினியில் ஏற்றி, வராத கடன்களைப் பிரித்தெடுத்து, கடையையே மாற்றி அமைத்திருக்கிறார். ஆண்டுச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டோம். "அத்தா சம்பளம் தருவதில்லை ஹஜ்ரத், சாவியைத் தந்திருக்கிறார்" என்றார். அறுபது பேரில் வணிக நிர்வாகம் என்ற சொல்லுக்கு முற்றிலும் பொருத்தமானவர் அவர்தான். நம் தாளில் அவருக்குக் கட்டம் இல்லை. திருமணமாகிப் போன ஒரு மாணவி, மாமியார் அருகிலிருக்கிறார் என்பதை உணர்த்தும் குரலில், "அல்ஹம்துலில்லாஹ், நலமாக இருக்கிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

முப்பத்தேழாவது பெயருக்கு அழைத்தபோது மாணவர் எடுக்கவில்லை, தாயார் எடுத்தார். விதவை. இடியாப்பம் அவித்து வீடுகளுக்குக் கொடுத்து மகனை வளர்த்தவர். மகன் எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்டோம். சிறிது நேரம் மௌனம். பிறகு சொன்னார்: "வேலை கிடைத்ததாகப் பேருந்து நிலையத்தில் என் பிள்ளையின் படத்தை மாட்டியிருக்கிறீர்கள். பிள்ளை வீட்டில் இருக்கிறான். அந்தப் பக்கம் போனால் எந்தக் கம்பெனி, எவ்வளவு சம்பளம் என்று கேட்கிறார்களாம். அதனால் சுற்றிக்கொண்டு போகிறான். ஹஜ்ரத், நீங்கள் பள்ளிவாசலில் வைத்துச் சொன்னீர்கள். பள்ளிவாசலில் வைத்துச் சொன்னதால்தான் நான் நகையை அடகு வைத்தேன்."

அந்த மகனுக்கு நியமன உத்தரவு கிடைத்தது மெய்தான். வெளியூரில் வீடு வீடாகச் சென்று கடன் அட்டைக்கு ஆள் சேர்க்கும் வேலை. தரும் சம்பளத்தில் அறை வாடகையும் சாப்பாடும் போனால் பேருந்துக் கட்டணத்துக்கு வீட்டிலிருந்து பணம் வர வேண்டும். பதினெட்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிட்டார். உத்தரவின் நகல் மட்டும் கல்லூரிக் கோப்பில் தங்கிவிட்டது.

பட்டியலை மூடிவிட்டு, அந்த 91 எங்கிருந்து வந்தது என்று தேடினோம். சேர்ந்தவர்கள் 60. இடையில் நின்றவர்கள் 8. மீதி 52 பேரில் அரியர் இல்லாமல் தேறியவர்கள் 38. அரியர் உள்ளவர்களை வளாக நேர்காணலுக்கு அனுமதிப்பதில்லை. 38 பேரில் நேர்காணலுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 22. அந்த 22 பேரில் உத்தரவு பெற்றவர்கள் 20. இருபதை இருபத்திரண்டால் வகுத்தால் 91 வருகிறது. ஓரிடத்திலும் கூட்டலில் பிழையில்லை, கழித்தலிலும் பிழையில்லை. உத்தரவு பெற்ற 20 பேரில் வேலையில் சேர்ந்தவர்கள் 13. ஓராண்டு கழிந்தபின் அதே இடத்தில் நீடித்தவர்கள் 6.

இதைத் துறையில் மூத்த ஒரு நண்பரிடம் காட்டினோம். அவர் நேர்மையான மனிதர், ஐவேளைத் தொழுகையாளி. "இதில் பொய் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். வேலை வேண்டாம் என்று மேற்படிப்புக்குப் போகிறவனை வேலை கிடைக்காதவன் கணக்கில் எழுதுவது நியாயமா? நேர்காணலுக்கே வராதவனுக்கு எப்படி வேலை வாங்கிக் கொடுப்பது? கேள்விகள் நியாயமானவையே. அமெரிக்க வணிகப் பள்ளிகளின் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1990-களில் தமக்குள் ஒரு பொது விதிமுறையை வகுத்துக்கொண்டபோது, அவர்களும் வேலை தேடுவோரையே அடித்தொகையாகக் கொண்டார்கள். ஆனால் தேடாதவர்கள் எத்தனை பேர், ஏன் தேடவில்லை, எவரைப் பற்றித் தகவலே இல்லை என்பவற்றையும் தனித்தனியே எழுத வேண்டும் என்று விதித்தார்கள். பட்டம் பெறும் நாளில் ஒரு கணக்கு, மூன்று மாதம் கழித்து ஒரு கணக்கு. ஆகவே 22-ஐ அடித்தொகையாக வைத்தது குற்றமன்று. 22 என்ற எண்ணை எங்கும் எழுதாமல் விட்டதுதான் நம்மை உறுத்துகிறது. அரியர் காரணமாக வாசலில் நிறுத்தப்பட்டவனை 'தேடாதவன்' என்று எண்ணியது அதனினும் அதிகமாக உறுத்துகிறது. அவன் தேடினான், நாம்தான் விடவில்லை.

மதரஸாவில் ஃபிக்ஹ் ஓதியவர்களுக்குத் 'தவ்ரியா' என்ற சொல் பழக்கமானது. சொல் உண்மையாக இருக்கும். கேட்பவர் வேறொன்றை விளங்கிக்கொள்வார். சொல்பவருக்கும் அது தெரியும். கொடியவன் ஒருவன் கொலைவாளோடு துரத்தி வரும்போது, ஒளிந்திருக்கும் அப்பாவியைக் காப்பாற்ற இவ்வாறு பேசலாம் என்று அறிஞர்கள் இடமளித்தார்கள். துபாய் மாணவர் தம் தாயிடம் சொன்னதைக் கூட இதன் ஓரத்தில் எங்கேனும் இருத்திப் பார்க்கலாம். தாயின் உறக்கத்துக்காகச் சொன்னது அது. ஆனால் பிறருடைய உரிமை சம்பந்தப்பட்ட இடத்தில் இந்த வாசல் சாத்தப்பட்டு விடுகிறது. சத்தியம் செய்பவன் மனத்துக்குள் என்ன நினைத்தான் என்பது செல்லாது, சத்தியம் வாங்குபவர் எப்பொருளில் வாங்கினாரோ அப்பொருளே செல்லும் என்ற கருத்துடைய நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றிருக்கிறது. நீதிமன்றச் சத்தியத்தைப் பற்றியே இமாம்கள் இதை விரித்துரைத்தார்கள். பதாகை நீதிமன்றமன்று என்று ஒருவர் வாதிடலாம். நாம் கேட்பது இதுதான்: நகையைக் கையில் வைத்துக்கொண்டு, அடகுக்கடைக்குப் போவதா வேண்டாமா என்று நிற்கிற ஒரு தாய் நம் வாயிலிருந்து வரும் எண்ணை எதிர்பார்க்கும்போது, அவர் நம்மிடம் வாங்குவது சாட்சியமில்லாமல் வேறென்ன? அவர் '91' என்ற சொல்லை எப்பொருளில் வாங்கினார்? 'என் மகனைப் போல நூறு பிள்ளைகள் சேர்ந்தால் 91 பிள்ளைகள் சம்பளம் கொண்டு வருவார்கள்' என்ற பொருளில் வாங்கினார். துறையின் கோப்பில் அச்சொல்லுக்கு எழுதி வைத்திருக்கும் இலக்கணம் அவரைக் கட்டுப்படுத்தாது. அவர் விளங்கிக்கொண்ட பொருள்தான் நம்மைக் கட்டுப்படுத்தும்.

கடைத்தெருவில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்த வரலாறு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். மேலே உலர்ந்த தானியம், உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மழை பெய்ததற்காக அண்ணலார் அவரைக் கண்டிக்கவில்லை. ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா, வாங்குபவர்கள் பார்த்திருப்பார்களே என்பதுதான் கேள்வி. இந்த வரலாற்றில் நாம் பலமுறை கவனியாமல் கடந்து போன நுட்பம் ஒன்று உண்டு. குவியலில் உலர்ந்த தானியமும் மெய்யான தானியம்தான். மேலே இருந்த ஒவ்வொரு மணியும் உண்மை. அடுக்கிய முறைதான் பொய்.

வணிகத்தை நமக்குக் கற்பித்த இமாம்களுள் ஒருவர் துணி வியாபாரியாகவே இருந்தார். கூஃபா நகரத்து இமாம் அபூஹனீஃபா (ரஹ்) தம் கூட்டாளி ஹஃப்ஸ் என்பவரிடம் சரக்கை ஒப்படைத்தபோது, அதில் ஒரு துணியில் பழுது இருப்பதைக் காட்டி, விற்கும்போது சொல்லிவிடும்படி கூறினார். கூட்டாளி மறந்துவிட்டார்; வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அச்சரக்கு விற்ற பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். வாங்கியவர் வந்து முறையிடவில்லை. துணி கிழிந்ததா என்பதும் தெரியாது. நம் முற்றத்தில் அந்த எண்ணைக் கேட்டவர்கள் யார் யார் என்று நமக்கும் தெரியாது. ஒருவரை மட்டும் தெரியும்.

இந்த நோய் நம் ஊர்ச் சிறு கல்லூரிகளுக்கு மட்டுமே உரியது என்று எண்ணிவிடலாகாது. அமெரிக்காவில் பிலடெல்ஃபியா நகரின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபாக்ஸ் வணிகப் பள்ளி, தன் இணையவழி எம்.பி.ஏ. படிப்புக்கு ஒரு புகழ்பெற்ற தரவரிசையில் 2015 முதல் 2018 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் முதலிடம் பெற்றது. பிறகு உள்ளே கை நுழைக்கப்பட்டது. ஐந்தில் ஒருவரளவே எழுதியிருந்த நுழைவுத் தேர்வை அனைவரும் எழுதியதாகக் கணக்குக் கொடுத்திருந்தார்கள். பள்ளியின் தலைவர் 2018-இல் பதவி இழந்தார். 2021-இல் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. 2022-இல் 14 மாதச் சிறையும் 2,50,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. அங்கே மறைந்தது வேலைவாய்ப்பு எண்ணன்று, தேர்வெழுதியோர் எண். ஆயினும் வித்தை ஒன்றே. எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற கேள்வியில் முதற்பாதியை விழுங்கிவிடுவது. இந்த வித்தையைச் செய்தவர்கள் வணிக நெறி என்ற பாடத்தையும் நடத்துகிறவர்கள் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நம் நண்பர் கடைசியாக ஒன்று சொன்னார். அதற்குத்தான் நம்மால் எளிதில் விடை சொல்ல முடியவில்லை. "பக்கத்துக் கல்லூரிகள் எல்லாம் 95 என்று எழுதும்போது நாம் மட்டும் உள்ளதை எழுதினால் அடுத்த ஆண்டு பிள்ளைகள் வரமாட்டார்கள். துறையை மூடினால் இழப்பு யாருக்கு? நடந்து வரும் தூரத்தில் இருப்பதால்தான் நம் ஊர்ப் பெண்பிள்ளைகளை வாப்பாமார்கள் அனுப்புகிறார்கள். இந்தக் கல்லூரி இல்லையென்றால் அவர்கள் நகரத்துக் கல்லூரிக்குப் போகமாட்டார்கள், அடுக்களைக்குத்தான் போவார்கள்." இது உண்மை. வாணியம்பாடியில் 1919-இலும் திருச்சியிலும் சென்னையிலும் 1951-இலும் நம்மவர்கள் கல்லூரி கண்டது நூற்றுக்கு இத்தனை வேலை என்று காட்டுவதற்காக அன்று. வாசலே இல்லாத சமுதாயத்துக்கு ஒரு வாசல் திறப்பதற்காக. அந்த வாசலைக் காக்க ஓர் எண்ணைச் சற்று மினுக்கினால் என்ன?

பல இரவுகள் இதை எண்ணிப் பார்த்தோம். வாசலைக் காக்கும் செலவை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டபோதுதான் ஓரளவு தெளிவு பிறந்தது. நிர்வாகம் கொடுக்கவில்லை, நம் சம்பளத்தில் காசு குறையவில்லை. இடியாப்பம் விற்ற தாய் கொடுத்தார். பேருந்து நிலையத்தைச் சுற்றிக்கொண்டு போகும் மகன் கொடுக்கிறான். சமுதாயத்தின் நன்மைக்காக ஒருவரிடம் பணம் பெறலாம். அவருக்குத் தெரியாமல் அவரிடமிருந்து எடுப்பதற்குப் பெயர் நன்கொடையன்று.

மேலும், 91 என்பது ஈரத்தை மட்டும் மறைக்கவில்லை. நல்ல தானியத்தையும் மறைத்துவிட்டது. அறுபது பேரில் 44 பேர் நமக்குப் பதில் சொன்னார்கள். வளாக நேர்காணல் வழியாக வேலையில் சேர்ந்த 13 பேர் தவிர, தாமாகவே தேடி வேலை பெற்றவர்கள் 11, குடும்ப வியாபாரத்திலோ சொந்தத் தொழிலிலோ இருப்பவர்கள் 6, மேற்படிப்பில் 6, திருமணமாகி இல்லத்தில் 3, வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் 5. பிழைப்புக்கு வழி கண்டவர்கள் 30 பேர் என்றாகிறது. அறுபதில் முப்பது பேர். ஓர் ஏழை ஊரின் கல்லூரி வெட்கப்பட வேண்டிய கணக்கா இது? அரியரோடு வெளியேறிப் பின்னர் தேறித் தானே வேலை தேடிக்கொண்ட மாணவனைப் பற்றித் துறைக்குச் செய்தியே இல்லை. அவனை எவரும் எண்ணவில்லை.

பதில் சொல்லாத 16 பேரை என்ன செய்வது? அவர்களை விட்டுவிட்டு, 44-இல் 30 என்று எழுதினால் கணக்கு அழகாக இருக்கும் என்றார் ஒரு இளம் ஆசிரியர். ஹதீஸ் கலை அறிஞர்கள் அறிவிப்பாளர்களின் வரலாற்றைத் தொகுத்தபோது, ஒருவருடைய நிலை தெரியவில்லையென்றால் அவரை நம்பகமானவர் என்று எழுதவில்லை. பொய்யர் என்றும் எழுதவில்லை. 'மஜ்ஹூல்', அறியப்படாதவர் என்று எழுதி வைத்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒட்டகத்தில் பயணம் செய்து எழுதியவர்களுக்கு இருந்த அந்தக் கூச்சம், கைபேசி வைத்திருக்கும் நமக்கு இருக்க வேண்டாமா? நம் தாளில் பதினாறு பெயர்களுக்கு எதிரே 'அறியப்படவில்லை' என்று எழுதினோம்.

சம்பளக் கட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நால்வர் மாதம் 12,000 பெற்று, ஒருவர் மட்டும் 1,00,000 பெற்றால் சராசரி 29,600 ஆகிறது. அந்தத் தொகையை ஐவரில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. தேசியத் தரவரிசைக்கான படிவம் சராசரியைக் கேட்பதில்லை. வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளத்தைக் கேட்கிறது. இங்கே அது 12,000. படிவத்தில் ஒன்றும் பதாகையில் ஒன்றுமாக எழுதுகிறவர்களுக்கு இரண்டும் தெரியும். பிரிட்டனில் முன்பெல்லாம் பட்டம் பெற்ற ஆறு மாதத்தில் விசாரித்தார்கள். இப்போது ஏறத்தாழ 15 மாதம் கழித்து விசாரிக்கிறார்கள். 2020 முதல் அந்த முடிவுகள் வெளிவருகின்றன. சம்பளத்தோடு நிற்காமல், செய்யும் வேலை பொருளுள்ளதாகத் தோன்றுகிறதா, கற்றது அதில் பயன்படுகிறதா என்றும் கேட்கிறார்கள். சாவி பெற்ற நம் மாணவருக்கு அந்தத் தாளில் இடம் கிடைத்திருக்கும்.

நிர்வாகத்தாரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தோம். அவர்கள் கோபிக்கவில்லை. அந்த மாணவரின் படத்தை எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டுப் பதாகையில் சதவிகிதத்தின் மேல் ஒரு நட்சத்திரக் குறி இட்டு, அடியில் 'வளாக நேர்காணலுக்குப் பதிவு செய்தோரில்' என்று எறும்பு எழுத்தில் அச்சிட்டார்கள். ஈரத்தை மேலே வைக்கச் சொன்னோம். குவியலுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி வைத்திருக்கிறார்கள். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சென்ற ஆண்டு அந்தத் தாய் நம் வீட்டுக்கு வந்தார். மகன் ஊரிலேயே ஒரு கைபேசிக் கடையில் கணக்குப் பார்ப்பதாகச் சொன்னார். இளைய மகள் பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருக்கிறாளாம், அதே பி.பி.ஏ.யில் சேர ஆசைப்படுகிறாளாம். "இப்போது சொல்லுங்கள் ஹஜ்ரத், எத்தனை பேருக்கு?" என்று கேட்டார்.

மேசையிலிருந்து தாளை எடுத்து, அறுபது பேரில் முப்பது பேர் என்றோம். பதினாறு பேரைப் பற்றி நமக்கே தெரியாது என்றும் சொன்னோம். எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் முந்தானையைச் சரி செய்துகொண்டு இன்னும் சற்று நன்றாக உட்கார்ந்தார்.

"அந்த முப்பது பேரும் மற்றவர்கள் செய்யாததாக என்ன செய்தார்கள்?"

இத்தனை ஆண்டுகளில் எந்தத் தாயும் தந்தையும் நம்மிடம் கேட்டிராத கேள்வி அது. 91 என்று சொன்ன நாளில் கேட்பதற்கு இடமும் இருக்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் பெயரிலிருந்து ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்லத் தொடங்கினோம்.